பெய்ரூட்டில் குழைந்தது, கொடைக்கானலில் வேகவில்லை

அன்புள்ள மகனுக்கு,

நீ கேட்டது நான்கு வரிதான். "அம்மா, அந்த பீன்ஸ் சூப் அளவு மட்டும் வாட்ஸப்ல போட்டு விடு, அர்ஜென்ட்" என்று வியாழக்கிழமை காலையில் அனுப்பியிருந்தாய். அதற்குப் பதிலாக இப்படிப் பக்கம் பக்கமாக எழுதுவதற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள். செண்பகனூரில் டவுன் பஸ் ஏறினால் உன் சாப்பாட்டுக் கடைக்கு அரைமணி நேரம். நேரில் வந்தே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாய் திறந்து பேசிய சமயங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பது உனக்குத் தெரியும். நாலு பேர் இருக்கிற இடத்தில் தண்ணீர் கேட்கக்கூட எனக்குக் கூச்சம். கோபம் எனக்குக் கையில்தான் வருகிறது, பேனா பிடித்தால். இதன் நகல் ஒன்றைப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். உன் பெயரோ கடையின் பெயரோ இதில் இல்லை, பயப்படாதே. நீ போர்டு வைப்பது எல்லோரும் படிக்கத்தானே. இதையும் நாலு பேர் படிக்கட்டும்.

கடையில் மாட்டப்போகிற அந்த போர்டின் படத்தையும் அனுப்பியிருந்தாய். மேலே என் பழைய போட்டோ, கழுத்துக்குக் கீழே வெட்டியது. அதன் கீழே, "பெய்ரூட்டில் ஆசிரியையாக இருந்த என் அம்மா, அந்தக் குடும்பத்தினர் அன்போடு கற்றுத்தந்த பக்குவத்தில் செய்யும் லெபனான் சூப்." எழுத்து அழகாக இருக்கிறது. ஓரத்தில் ஒரு இதயம்கூட வரைந்திருக்கிறார்கள். நீ வெட்டியெறிந்த பாதியில் என்ன இருந்தது என்று கவனித்தாயா? நான் கவனித்தேன். எனக்கு வேறென்ன தெரியும், கவனிப்பதைத் தவிர? அதில் என் கையில் தரை துடைக்கிற கட்டை இருக்கிறது. அந்த வீட்டில் நான் யாருக்கும் பாடம் சொல்லித் தரவில்லை. மூன்று வருடமும் கக்கூஸ் கழுவினேன், துணி தேய்த்தேன், சமைத்தேன். உன்னிடமும், உன் அத்தையிடமும், மேல்மலையில் நம் சனம் அத்தனை பேரிடமும் டீச்சர் வேலை என்று சொன்னது பொய். உன் அப்பாவுக்கு மட்டும் தெரியும். இனி உனக்கும் தெரியும்.

நம் குடும்பத்தில் முதலில் டிகிரி வாங்கியவள் நான். பி.எஸ்ஸி. இயற்பியல். பூண்டுக் காட்டில் களை எடுத்த கையோடு பரீட்சைக்குப் படித்தேன். இரண்டாம் வருடத்தில் கல்யாணம் ஆனது. கடைசிப் பரீட்சை எழுதும்போது நீ வயிற்றில் இருந்தாய், பெஞ்சுக்கும் எனக்கும் இடையில் இடம் போதாமல் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து எழுதினேன். உனக்கு ஐந்து வயதாகும்போது உன் அப்பா கேரட் மூட்டை ஏற்றிய லாரியின் மேலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து படுத்தார். அப்போதுதான் பெய்ரூட்டுக்கு வீட்டுவேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்ட் ஒருவன் வந்தான். என் சான்றிதழைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "டிகிரின்னு அங்க வாயத் தொறந்துராதீங்கம்மா. படிச்ச பொண்ணுன்னா கேள்வி கேக்கும்னு வேணாம்ப்பாங்க. பத்தாவது ஃபெயில்னு போட்டுருக்கேன்" என்றான். நான் தலையாட்டினேன். அங்கே போய்ப் படிப்பை மறைத்தேன், இங்கே விளக்குமாற்றை மறைத்தேன். இரண்டு ஊரிலும் இரண்டு பொய், இரண்டுக்கும் என் கூச்சம் நன்றாக உதவியது. பேசாதவளிடம் யாரும் எதையும் தோண்டிக் கேட்பதில்லை.

அந்த வீட்டு வாசலில் மேடம் என் பெயரைக் கேட்டாள். சொன்னேன். ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள், மீன்முள் சிக்கியது போல முகத்தைச் சுளித்தாள். "மரியா" என்றாள். எனக்கு முன்னால் அந்த வீட்டில் வேலை பார்த்த மூன்று பேரும் மரியாதானாம். அவர்களுடைய ஏப்ரனும் அப்படியே எனக்கு வந்தது, மார்பில் தைத்திருந்த பெயரைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. போனை வாங்கி ஒரு டப்பாவில் போட்டுப் பூட்டினாள். சமையலறையை ஒட்டிய பால்கனியில் தகரம் அடைத்த இடம் எனக்கு. இதை அந்த ஊரின் குணம் என்று நினைத்துவிடாதே. எதிர்க் கட்டிடத்தில் ரொட்டி விற்ற கிழவர் என்னிடம் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தினமும் தப்பும் தவறுமாக முழுப் பெயரையும் சொல்லித்தான் கூப்பிடுவார். கொடுமை ஊரைப் பொறுத்து வருவதாக இருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுத வேண்டியே இருந்திருக்காது.

முதல் வெள்ளிக்கிழமை ஒன்பது பேர் சாப்பிட வருகிறார்கள், கறியும் வெள்ளை பீன்ஸும் போட்ட சூப் வேண்டும் என்றாள். ஃபசூலியா என்று பெயர். பீன்ஸ்தானே, நம் காட்டில் விளைவது, நாம் வேகவைக்காத பீன்ஸா என்று தைரியமாக நின்றேன். நம் மலையில் எப்படிச் செய்வோமோ அப்படியே செய்தேன். முதல்நாளே ஊறப்போட்டேன், கறியோடு சேர்த்துக் குக்கரில் ஏற்றினேன், பத்து விசில் விட்டேன், அப்புறமும் சிம்மில் அரைமணி நேரம் வைத்தேன். திறந்தபோது உள்ளே பீன்ஸ் ஒன்றுகூட முழுதாக இல்லை. போஸ்டருக்குப் பூசுகிற பசை மாதிரி இருந்தது, நடுவில் எலும்பு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. மலை உயர உயரத் தண்ணீரின் கொதிநிலை குறையும், அதனால் வேக நேரமாகும், கடல்மட்டத்தில் சீக்கிரம் வெந்துவிடும். இதை நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஜன்னல் வழியே கடல் தெரிகிற சமையலறையில் நின்றுகொண்டு, ஏழாயிரம் அடி உயரத்துக்கான விசிலை விட்டேன். இந்த மலையில் பிறந்த ஒருத்தியைத் தவிர வேறு யாருக்கும் அந்தத் தப்புச் செய்யத் தெரியாது.

மேடம் கத்தவில்லை. அவள் கத்தியிருந்தால் நான் அழுதுவிட்டு மறந்திருப்பேன். விருந்தாளிகளுக்கு வெளியிலிருந்து சாப்பாடு வரவழைத்தாள். எல்லோரும் போன பிறகு அந்தப் பெரிய பாத்திரத்தைத் தூக்கி என் பால்கனியில் வைத்தாள். "நீ செய்தாய் மரியா, நீ சாப்பிடு. இது தீர்கிறவரை இந்த வீட்டில் உனக்கு வேறு சாப்பாடு இல்லை" என்றாள். என்னிடம் அதுவரை அவள் அவ்வளவு மெதுவாகப் பேசியதில்லை. ஒன்பது பேருக்கான பாத்திரம். மூன்றாம் நாள் புளித்தது. ஐந்தாம் நாள் மேலே நுரை கட்டியது. தினமும் சாயந்தரம் மரக்கரண்டியை விட்டு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பாள், பள்ளிக்கூடத்தில் நோட்டைத் திருத்துவது போல. நான் கீழே கொட்டிவிட்டுச் சாப்பிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். எட்டு நாளில் ஒருநாளும் கொட்டவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்கே பிடிபடவில்லை. அவள் சொன்னது நியாயம் என்று என்னில் ஒரு பகுதி நம்பியிருக்க வேண்டும். அதை நினைக்கும்போதுதான் எனக்கு இப்போதும் குமட்டுகிறது, அந்தப் புளித்த வாடையை நினைத்து இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவளே செய்தாள். நான் பாத்திரம் துலக்கியபடி பார்த்தேன். அன்போடு கற்றுத்தந்தார்கள் என்று போர்டில் போட்டிருக்கிறாயே, அந்த அன்பு இவ்வளவுதான். அவள் கைப்பக்குவத்தைத் திருடினேன், அதுதான் நடந்தது. எலும்போடு ஆட்டுக்கறியைப் பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பேற்றினாள். முதல் கொதியில் அழுக்கு நுரையாக மேலே வரும், அதைக் கரண்டியால் முழுக்க எடுத்துவிட வேண்டும், சோம்பல்பட்டால் சூப் கலங்கிவிடும். பிறகு முழு வெங்காயம் ஒன்று, ஒரு துண்டுப் பட்டை, பிரிஞ்சி இலை. கறி எலும்பைவிட்டு லேசாகக் கழன்றதும் தனியே வேகவைத்த பீன்ஸ். அதற்குப் பிறகுதான் தக்காளி. புளிப்பு முன்னால் போனால் பீன்ஸ் இறுகிக்கொள்ளும், அப்புறம் சாயந்தரம்வரை கொதித்தாலும் இளகாது. கடைசியில் பூண்டை உப்போடு நசுக்கி, கைநிறையக் கொத்தமல்லித்தழையோடு ஆலிவ் எண்ணெயில் சடசடவென்று வதக்கி, அந்தச் சூட்டோடு சூப்பின் தலையில் கொட்டினாள். அந்த வாசனை வரும்போது மட்டும் அவள் முகம் இளகும், யாரையோ நினைத்துக்கொள்வது போல. அதையும் பார்த்தேன். மூன்று வருடத்தில் அதே சூப்பை என் கையாலேயே எத்தனையோ வெள்ளிக்கிழமை செய்தேன். சூடாக ஒரு கிண்ணம் குடித்ததில்லை. அவர்கள் எழுந்த பிறகு, ஆறி, மேலே கொழுப்பு வெள்ளையாகப் படிந்த பிறகு, சிங்க் பக்கத்தில் நின்றுகொண்டு குடிப்பேன்.

திரும்பி வந்தபோது உனக்கு எட்டு வயது. பஸ் ஸ்டாண்டில் உன் அப்பா தடியை ஊன்றி நின்றார், அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து நீ "அம்மா" என்றாயாம். நான் திரும்பவில்லை. யாரையோ கூப்பிடுகிறது பிள்ளை என்று பெட்டியை எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த வாரமே ஞாயிற்றுச் சந்தையில் யாரோ ஒரு அம்மாள் தன் தங்கையை "மரியா!" என்று கூப்பிட்டாள், கேரட்டைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பினேன். நீ என் கையைப் பிடித்திருந்தாய். "யாரும்மா மரியா?" என்று கேட்டாய். தெரியாது என்றேன்.

அன்று சாயந்தரம் உங்களுக்கு அந்த சூப்பைச் செய்தேன். மூன்று வருடம் கழித்து வந்தவள் ஏதாவது காட்ட வேண்டுமே. சந்தையில் வாங்கிய காய்ந்த பட்டர் பீன்ஸ், நம் காட்டுப் பூண்டு, கறி. கைக்கு அந்த ஊர்க் கணக்குப் பழகிவிட்டது. கொஞ்ச நேரம் ஊறப்போட்டு, குக்கர் வேண்டாமென்று திறந்த பாத்திரத்தில் ஒன்றரை மணி நேரம் வைத்து இறக்கினேன். அங்கே மலையின் கணக்கைப் போட்டுக் குழைத்தவள், இங்கே கடலின் கணக்கைப் போட்டு வேகாமல் விட்டேன். நீ ஒரு வாய் வைத்தாய், கடித்தாய், தட்டிலேயே துப்பினாய். "கல்லு மாதிரி கெடக்கு. எனக்கு அத்தை வைக்கிற பருப்புதான் வேணும்" என்றாய். ஐந்து வயதில் விட்டுப்போன பிள்ளை, எட்டு வயதில் வேறென்ன சொல்லும்? ஆனால் எனக்கு அப்போது நீ பிள்ளையாகத் தெரியவில்லை.

பாத்திரத்தை எடுத்துப் பின்வாசல் படியில் வைத்தேன். உன்னையும் இழுத்துப்போய் உட்கார வைத்தேன். "நீதானே துப்புன? நீயேதான் திங்கணும். இது தீர்ற வரைக்கும் ஒனக்கு வேற சோறு கெடையாது" என்றேன். நானும் கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னேன். உன் அப்பா, "விட்டுரும்மா, பச்சப் புள்ள" என்றார். அவரை ஒரு பார்வை பார்த்தேன், தடியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நீ அன்று சாப்பிடவில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மறுபடி அந்தப் படி, அந்தப் பாத்திரம். குளிரில் கொழுப்பு உறைந்து கிடந்தது. நான் மரக்கரண்டியை விட்டு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தேன். அந்தக் கரண்டியை அங்கிருந்து கொண்டுவந்திருந்தேன், அதுவும் திருடியதுதான். இரண்டாம் நாள் சாயந்தரம் நீ பேசாமல் தின்ன ஆரம்பித்தாய். ஒவ்வொரு பீன்ஸாக, கடவாய்ப் பல்லில் வைத்து, நறுக் நறுக்கென்று. கண்ணில் தண்ணீர் இல்லை. பாதியில் நிமிர்ந்து என்னைப் பார்த்து ஒன்று கேட்டாய். "டீச்சர் வேலையில இப்படித்தான் பண்ணுவாங்களாம்மா?"

அதற்கப்புறம்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் ட்யூஷன் எடுக்க ஆரம்பித்தேன், சொன்ன பொய்யை எப்படியாவது உண்மையாக்கிவிட. பிறகு அந்த சூப்பைச் சரியாகச் செய்யவும் பழகிக்கொண்டேன். நீயும் விரும்பிச் சாப்பிட்டாய், உன் நண்பர்களையெல்லாம் கூட்டி வந்தாய். ஒருநாள் பேச்சுவாக்கில் அந்தப் படிக்கட்டைப் பற்றிக் கேட்டேன். ஞாபகமில்லை என்று சிரித்தாய். நானும் நம்பினேன். நம்புவது சுலபமாக இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை உன் கடைக்கு வந்த பிறகுதான், எதையும் நீ மறக்கவில்லை என்று தெரிந்தது.

சாயந்தரம் நான்கு மணி இருக்கும். பனி இறங்கிவிட்டது. நான் சொல்லாமல் வந்ததால் பின்பக்கமாக, சமையலறை வாசலில் நின்றேன். உள்ளே உன் சமையல்கார அம்மாள் அடுப்பில் நின்றாள். ஐம்பது வயதிருக்கும், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள், நம் மேல்மலைக்காரி என்று காதிலிருந்த தோட்டிலேயே தெரிந்தது. சுவரில் ஒரு தகர டப்பா, வேலை செய்கிறவர்களின் போன்கள் அதில் கிடந்தன. அவள் பீன்ஸ் சூப் பாத்திரத்தைக் கிளறியபடி உன்னிடம் சொன்னாள்:

"தம்பி, வெள்ளனே ஊறப்போட்டது பத்தாது. நம்ம மலையில இந்தப் பயறு லேசுல வேகாது. ராத்திரியே போடணும், குக்கர்ல வைக்கணும்."

"மேரி, வீடியோல தெளிவா போட்டுருக்கான், ஒன்றரை மணி நேரம்னு. நீ உன் சோலியப் பாரு."

"வீடியோக்காரன் எந்த ஊர்ல கெடக்கானோ தம்பி. இங்கன வந்து வேக வச்சானாக்கும்?"

அங்கே நின்ற சர்வர்கள் இருவரும் சிரித்துவிட்டார்கள். உனக்கு முகம் சிவந்தது. "ஒம்பதாவது கூடத் தாண்டல, எனக்குச் சொல்லித் தர்றியா? வெரசா இறக்கு" என்றாய். அவள் இறக்கினாள். பத்து நிமிஷத்தில் முன்பக்கத்திலிருந்து ஒரு குடும்பத்துப் பெரியவரின் குரல் கேட்டது. ஸ்பூனில் ஒரு பீன்ஸை எடுத்துத் தட்டில் தட்டிக் காட்டினாராம். "ஏப்பா, சூப் கேட்டா கோலிக்குண்டு போட்டுத் தர்ற? பையன் விளையாடவா?" மேஜை முழுக்கச் சிரிப்பு. நீ உள்ளே வந்தாய். நீ கத்துவாய் என்று நினைத்தேன். கத்து, கத்து என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். நீ கத்தவில்லை. பாத்திரத்தைத் தூக்கி, அவள் காலடியில், தரையில் வைத்தாய். மெதுவாகச் சொன்னாய்.

"நீதானே செஞ்ச மேரி? நீயே சாப்பிடு. இது தீர்ற வரைக்கும் இங்க உனக்கு வேற சாப்பாடு கெடையாது."

அவள் உன்னைப் பார்த்தாள். அப்புறம் குத்தவைத்து உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தாள். நறுக் நறுக்கென்று சத்தம் கேட்டது. சர்வர்கள் இப்போது சிரிக்கவில்லை. நீ மூலையிலிருந்த கரண்டியை எடுத்துப் பாத்திரத்துக்குள் விட்டு ஆழம் பார்த்தாய். அது என் கரண்டி. கடை திறந்தபோது ராசியாக இருக்கட்டும் என்று நான்தான் உனக்குக் கொடுத்தேன். அப்போதுதான் என்னைக் கவனித்தாய். "அட, நீ எப்ப வந்த? போய் முன்னால உக்காரும்மா, காபி குடுக்கச் சொல்றேன்" என்றாய். உன் முகத்தில் ஒரு சங்கடமும் இல்லை.

நான் போய் உட்கார்ந்தேன். காபி வந்தது. முழுதும் குடித்தேன். இதை உன்மேல் மட்டும் போட்டுவிட்டுத் தப்பிக்க நான் எழுதவில்லை என்பது உனக்குப் புரிய வேண்டும். அந்த நேரத்தில் நான் எழுந்து வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மூன்று சமையலறைக்கும் சேர்த்துச் சொன்னதாக இருந்திருக்கும். சர்க்கரை போதுமா என்று கேட்ட பையனிடம் போதும் என்றேன். அவ்வளவுதான் கடைக்குள் நான் பேசியது.

கிளம்பும்போது பின்பக்கக் குழாயடியில் அவள் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். "ஒங்க பேரு என்னக்கா?" என்றேன்.

"எந்தப் பேரக் கேக்குறீக? கடப்பேரா, வீட்டுப்பேரா?"

"வீட்டுப்பேரு."

"முருகாயி. அந்தப் பேரச் சொன்னா யாரும் சாப்பிட வர மாட்டாங்களாம், மேரின்னா ஹில் ஸ்டேஷனுக்குப் பொருத்தமா இருக்குமாம், தம்பிதேன் வச்சாரு." தாடையைத் தடவிக்கொண்டாள். "பல்லு கெட்டியா இருக்கான்னு பாக்குறாரு போல. கெட்டியாத்தேன் இருக்கு. ஆமா, நீங்க யாரு தாயி?"

உன் அம்மா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளாகவே என் முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள், மூக்கையும் நெற்றியையும். "சரி, சரி" என்று சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்கு நான்காம் நாள் உன் வாட்ஸப் வருகிறது, அளவு கேட்டு. அளவைத் தருகிறேன், எழுதிக்கொள். ஒரு கிலோ எலும்புக்கறிக்கு அரைக் கிலோ காய்ந்த பட்டர் பீன்ஸ். முதல்நாள் ராத்திரியே நிறையத் தண்ணீரில் ஊற வேண்டும், காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பீன்ஸை உப்பில்லாமல், புளிப்பில்லாமல் தனியாகக் குக்கரில் வைக்க வேண்டும், நம் உயரத்துக்கு எட்டு விசில், ஆவி தானாக அடங்கும்வரை திறக்கக் கூடாது. தக்காளி நான்கு, மலைப்பூண்டு முழுதாக ஒன்று. அங்கே போடுகிற ஆல்ஸ்பைஸ் மிளகு இங்கே கிடைக்காவிட்டால் மிளகு, கிராம்பு, ஜாதிக்காய் மூன்றையும் கொஞ்சமாகத் தட்டிப் போட்டால் போதும். இறக்கும்போது எலுமிச்சை. இதில் இந்த மலைக்கு முக்கியமானது ஊறலும் குக்கரும்தான். அந்த இரண்டையும் முருகாயி உன் அடுப்படியில் நின்று, நீ கேட்காமலேயே, உனக்கு இனாமாகச் சொன்னாள். டிகிரி படித்த நான் இரண்டு தடவை தப்பாகப் போட்ட கணக்கை, ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்த நீ மூன்றாம் தடவை போட்டாய். சரியாகச் சொன்னவள் ஒருத்திதான், அவளைத்தான் தின்ன வைத்தாய்.

இந்த இடத்தில் வழக்கமாகப் பெற்றவர்கள் புத்தி சொல்வார்கள். என்னிடம் இல்லை. எனக்குத் தெரிந்ததையெல்லாம் உனக்கு எட்டு வயதிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டேன், நீயும் ஒரு வார்த்தை பிசகாமல் படித்திருக்கிறாய். உன்னைத் திட்டுவதற்குக்கூட எனக்குத் தகுதி இல்லை. அன்று படிக்கட்டில் உன்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன், பதினைந்து வருடம் ஆறிப்போய், மேலே கொழுப்பு படிந்த மன்னிப்பு. ஏற்றுக்கொள்வதும் கொட்டிவிடுவதும் உன் இஷ்டம்.

நேற்று நான் ஒரு காரியம் செய்தேன். செண்பகனூரில் பெண்கள் ஹாஸ்டல் ஒன்றின் சமையலறைக்குப் போய், மேற்பார்வை பார்க்கிற அம்மாளிடம், முன்பின் தெரியாதவளிடம், நானாக வாயைத் திறந்து வேலை கேட்டேன். எனக்காக இல்லை. இரண்டு தடவை "என்னம்மா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். வேலை கிடைத்துவிட்டது. முருகாயியிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன், நான் யாரென்பதையும் சேர்த்து. "அன்னைக்கே தெரியும் தாயி" என்றாள். திங்கட்கிழமையிலிருந்து அவள் உன் கடைக்கு வர மாட்டாள். அந்த ஹாஸ்டலில் அவள் பெயர் முருகாயி.

அதனால் உன் சமையலறையில் ஓர் இடம் காலி. கடைசியில் கேட்கலாம் என்று வைத்திருந்தது இதுதான். அந்த வேலையை எனக்குக் கொடு. மூன்று வருட அனுபவம் இருக்கிறது, அதே சூப்பில். போனை டப்பாவில் நானே போட்டுவிடுகிறேன். பெயர் வைக்கிற சிரமம்கூட உனக்கு இல்லை, மேரிக்கும் மரியாவுக்கும் பெரிய தூரமில்லை, எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புவேன். அந்த போர்டையும் மாட்டிக்கொள், போட்டோவை மட்டும் வெட்டாமல் முழுதாகப் போடு. என்றாவது ஒருநாள் பீன்ஸ் வேகாமல் போகும், மலையில் அது நடக்காமல் இருக்காது. அன்று பாத்திரத்தை என் காலடியில் வை. அவளிடம் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் என்னிடம் சொல். என் முகத்தைப் பார்த்துச் சொல். உன்னால் சொல்ல முடிந்தால் நான் குத்தவைத்து உட்கார்ந்து, அது தீர்கிறவரை தின்கிறேன்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். ஞாயிறு ராத்திரியே பீன்ஸை ஊறப்போட்டு வை.

இப்படிக்கு,
அம்மா